முள்ளோடையில் தொடங்கும் பாடம்: வெளிநாட்டுக் கோடை வகுப்பில் ஜனநாயகம் படிக்கப் போகிறவர்களுக்கு

கடலூரில் புதுச்சேரி பஸ் ஏறிப் பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்தால் கொஞ்ச நேரத்தில் முள்ளோடை. பெயர்ப் பலகை எதையும் படிக்க வேண்டாம். பெட்ரோல் பங்குகளும் மதுக்கடைகளும் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தாலே வேறு அரசாங்கத்துக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்துவிடும். ரெட்டிச்சாவடிப் பக்கம் தமிழ்நாடு ஒருமுறை தலைகாட்டும், தவளக்குப்பத்தில் மறுபடியும் புதுச்சேரி. மொத்தமே 22 கிலோமீட்டர்தான். மூன்று வருடம் இந்த வழியாகத்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் எரிச்சல். தினமும் இரண்டு ஆட்சிமுறைகளுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தேன் என்பது, பெர்லினில் ஒரு கோடை வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

இப்போது நானே பாடம் நடத்துகிறேன். நவம்பர் வந்தால் மூன்று நான்கு பிள்ளைகளாவது வந்து, "சார், சம்மர் ஸ்கூலுக்கு எப்படி அப்ளை பண்றது?" என்று கேட்பார்கள். "அங்கே போய் எதைக் கேட்கப்போறே?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் முழிப்பார்கள். இந்த வழிகாட்டியின் வரிசை அதனால்தான் கொஞ்சம் தலைகீழாக இருக்கும். விசாவும் பணமும் பின்னால் வரும், கேள்விதான் முன்னால்.

இது என்ன படிப்பு

ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை குறுகிய வகுப்புகள் நடத்துகின்றன. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், பாரிஸின் சியான்ஸ் போ, பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் சர்வதேசக் கோடைப் பள்ளி 1947 முதல் நடக்கிறது. வெளியாட்களும் சேரலாம். தேர்வு உண்டு, கிரெடிட்டும் உண்டு.

பாடத்தின் பெயர் ஒப்பீட்டு அரசியல். இதைப் "பல நாட்டு அரசியலமைப்புகளை மனப்பாடம் செய்வது" என்று நம் ஊரில் ஆக்கிவைத்துவிட்டார்கள். பிரிட்டனில் இரு அவை, சுவிட்சர்லாந்தில் ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்துவிடுவோம். ஒப்பீடு அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. ஒரே மாதிரியான இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டு, ஏன் ஒன்றில் ஒரு விஷயம் நடக்கிறது, மற்றதில் நடக்கவில்லை என்று தேடுவது ஒரு வழி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு இடங்களில் ஏன் ஒரே விளைவு வருகிறது என்று தேடுவது இன்னொரு வழி. அரிஸ்டாட்டில் தன் மாணவர்களோடு சேர்ந்து 158 நகர அரசுகளின் அமைப்புகளைத் திரட்டினார் என்பார்கள். அத்தனையையும் திரட்டியது பட்டியல் போட்டு வைக்க இல்லை, எது எதனால் கவிழ்கிறது என்று பார்க்கத்தான்.

முதல் வழிக்குக் கடலூரையும் புதுச்சேரியையும் விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். அதே தமிழ், அதே கடல், அதே சாதிகள், அதே சினிமா. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இரண்டுக்கும் நடுவில்தான் கரையேறியது. ஒன்றில் ஆங்கிலேயர் இருந்தார்கள். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்த பிறகு சில ஆண்டுகள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைதான் அவர்களுக்குத் தலைமையிடம். மற்றதில் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி. அடிப்படை ஒன்று, அமைப்பு வேறு. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இப்படி ஒரு ஜோடி கிடைக்காதா என்று ஏங்குவார்கள்.

கேள்வியை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்

இந்த வேலைக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஒதுக்குங்கள். "ஜனநாயகம் ஏன் முக்கியம்" என்பதெல்லாம் கேள்வி ஆகாது. கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து கேள்வி பிறக்க வேண்டும். எங்கே தேடலாம் என்பதற்குச் சில இடங்களைக் காட்டுகிறேன்.

தொகுதியின் அளவு. தமிழ்நாட்டில் 234 தொகுதிகள், 2021 தேர்தலில் சுமார் 6.3 கோடி வாக்காளர்கள். வகுத்தால் தொகுதிக்கு ஏறக்குறைய 2.7 லட்சம். புதுச்சேரியில் 30 தொகுதிகள், சுமார் 10 லட்சம் வாக்காளர்கள். தொகுதிக்கு 33 ஆயிரம்தான். இந்தப் பக்கம் எம்.எல்.ஏ.வைப் பார்க்க ஒன்றியச் செயலாளரைப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் எம்.எல்.ஏ. காதுகுத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போவார். தொகுதி சிறியதாக இருந்தால் கட்சியின் பிடி தளர்ந்து ஆளின் செல்வாக்கு ஏறுமா? இப்படிக் கேட்டால் அது ஒப்பீட்டு அரசியல் கேள்வி. ஒரு தொகுதிக்கு சுமார் 70 ஆயிரம் வாக்காளர்கள் இருக்கும் பிரிட்டனில் போய்ச் சோதித்துப் பார்க்கலாம்.

நியமன உறுப்பினர்கள். புதுச்சேரி சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருக்கு மேல் மூன்று பேர் வரை மத்திய அரசே நியமிக்கலாம். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேசச் சட்டம் அப்படிச் சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2018-இல் அதை ஏற்றுக்கொண்டது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்த சமயத்தில் டீக்கடையில்கூட இந்த மூன்று பேருக்கும் ஓட்டு உண்டா இல்லையா என்றுதான் பேச்சு. மக்கள் ஓட்டு வாங்காதவர் சட்டமன்றத்தில் உட்காரலாமா? லண்டனில் பிரபுக்கள் சபையை வைத்துக்கொண்டு இதே கேள்வியை நூறு வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளாட்சி. இது எனக்குப் பிடித்த முரண். பிரெஞ்சுக்காரர்கள் 1880-இலேயே இங்கே கொம்யூன் என்ற உள்ளாட்சி அமைப்புகளை உண்டாக்கினார்கள். அந்தச் சொல் இன்னும் புதுச்சேரியில் "கொம்யூன் பஞ்சாயத்து" என்று புழங்குகிறது. ஆனால் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்த பிறகு 38 ஆண்டுகள் நடக்கவில்லை. 2006-இல் நடந்தது, ஜெயித்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. நூறு வருடப் பழக்கம் இருந்த இடத்தில் ஏன் இப்படி ஆனது? எம்.எல்.ஏ.வே வீட்டுக்கு வீடு தெரிந்தவராக இருக்கும்போது கவுன்சிலர் எதற்கு என்று அவருக்குத் தோன்றுகிறதோ என்பது என் சந்தேகம். நிரூபிக்கவில்லை, சந்தேகம்தான். யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது, அதில் மே 1-உம் ஒன்று. ஜூனில் கிளம்பும் மாணவர் யாராக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு மே தினக் கிராம சபையில் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்வேன். ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதினால் போதும்: யார் பேசினார், யார் பேச வந்து பேசாமல் போனார், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து எப்போது வாங்கினார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு கூட்டத்தில் நான் பார்த்தது: கூட்டப் பொருளைப் படிப்பதற்கு முன்பே நூறுநாள் வேலைக்காரப் பெண்களிடம் கையெழுத்து வாங்கி முடித்துவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "குழாய்த் தண்ணி வர்ற சேதியச் சொல்லு, அப்புறம் போடறேன்" என்றார். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் ஒவ்வொரு மே மாதமும் மக்கள் சதுக்கத்தில் கூடிக் கை தூக்கிச் சட்டம் இயற்றுகிறார்கள். ஓட்டுப்போடும் வயதை 16 ஆக 2007-இல் குறைத்ததும் அப்படித்தான். அந்த அம்மாவை மனதில் வைத்துக்கொண்டு கிளாரஸைப் படித்தால் கேட்கத் தோன்றுவதே வேறாக இருக்கும்.

இன்னொன்று, புதுச்சேரியில் மட்டுமே கிடைக்கும் சாட்சி. என் நண்பனின் தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் புதுச்சேரியிலேயே பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். நாடாளுமன்றத்திலும் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று 11 தொகுதிகள் உண்டு. அந்த ஓட்டு எப்படி என்று தாத்தாவிடம் கேட்டேன். "மெஷினெல்லாம் கெடையாதுப்பா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு தனியா அடுக்கி வெச்சிருப்பான். ஒண்ணே ஒண்ணு எடுத்தா யாருக்குப் போடறேன்னு தெரிஞ்சுடும்ல? அதான் ரெண்டு மூணு எடுத்துக்கணும். மறைவுல போயி ஒண்ண கவருக்குள்ள போட்டுட்டு மத்தத கசக்கிடணும். பொட்டி கண்ணாடி மாதிரி, உள்ள விழறது தெரியும்." ரகசியம் காக்கும் விதம், நம்பிக்கை வரவைக்கும் விதம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நம் பக்கம் வி.வி.பாட் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரிகிறதே, அதுவும் இதுவும் ஒரே கவலைக்கு இரண்டு மருந்து.

இப்படி ஒரு கேள்வி அமைந்ததும் நான்கைந்து வரிகளில் எழுதிவையுங்கள். விண்ணப்பம், நேர்காணல், கடைசிக் கட்டுரை மூன்றுக்கும் அதுதான் விதைநெல்.

எந்த நாடு, எந்த மாதம்

நாட்டைக் கேள்விதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி உங்கள் கேள்வி என்றால் பிரிட்டன். 2024 ஜூலையில் தொழிலாளர் கட்சி சுமார் 34 சதவீத வாக்கில் 650-இல் 400-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. 2014-இல் இந்தியாவில் பா.ஜ.க.வுக்கு 31 சதவீத வாக்கில் 282 இடங்கள் கிடைத்ததை அருகில் வைத்துப் பாருங்கள். முறை ஒன்று, அதனால் கணக்கும் ஒன்று.

வாங்கிய ஓட்டின் அளவுக்கு இடம் தரும் விகிதாசார முறையைப் பார்க்க ஜெர்மனி. அங்கே வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. பொதுவாக 5 சதவீதத்தைத் தாண்டாத கட்சிக்கு இடமில்லை. எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது வேறு விஷயம். வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊரில் தலைமைக் கழக வாசலில் பட்டியலுக்காக இரவெல்லாம் காத்துக் கிடப்பவர்களை நினைத்துக்கொண்டேன். கட்சி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பது சரிதானா என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் யோசித்தேன்.

இரண்டு சுற்றுத் தேர்தலுக்குப் பிரான்ஸ். பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் இன்னும் நல்லது. புதுச்சேரியில் இருந்துகொண்டு அதைக் கற்காமல் இருப்பது ஆற்றங்கரையில் தாகத்தோடு உட்கார்ந்திருப்பது போல. ஜனநாயகம் எப்படித் தேய்கிறது என்பது கேள்வியானால் புடாபெஸ்ட். அங்கே இருந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் 2017-இல் வந்த ஹங்கேரியச் சட்டத்தால் 2019-இல் தன் பட்டப்படிப்புகளை வியன்னாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பல்கலைக்கழகத்தின் கதையே ஒரு பாடம்.

மாதத்தை யாரும் யோசிப்பதில்லை. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஜூன் கடைசியோடு முடிகிறது. ஜெர்மனியில் ஜூலை தொடக்கத்தில் விடுமுறை தொடங்கிவிடும். பிரிட்டனில் ஜூலை மூன்றாம், நான்காம் வாரம் வரை நடக்கும். ஆகஸ்டில் போனால் பூட்டிய மாளிகை முன் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வரலாம். ஜூன் வகுப்பு கிடைத்தால் ஜூன் வகுப்பையே எடுங்கள். லண்டனில் அவை கூடும் வாரங்களில் புதன்கிழமை நண்பகல் பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம். பெர்லினில் நாடாளுமன்றக் கண்ணாடிக் குவிமாடத்துக்கு முன்பதிவு செய்தால் இலவசமாக ஏறலாம். ஆனால் ஜூன் நடுவில் நம் கல்லூரிகள் திறந்துவிடும். 75 சதவீத வருகைப்பதிவு என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும். துறைத்தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி செப்டம்பரில் யாருக்கும் நினைவிருக்காது.

ஓர் எச்சரிக்கை. "இளம் தலைவர்கள் மாநாடு", "உலக இளைஞர் நாடாளுமன்றம்" என்ற பெயரில் ஐந்து நாள் சுற்றுலாவைச் சான்றிதழோடு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், ஆசிரியர் பெயர், தேர்வு முறை, கிரெடிட் எண்ணிக்கை இந்த ஐந்தும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விண்ணப்பம்

டிசம்பரில் தொடங்குங்கள். உதவித்தொகைக்கான கடைசித் தேதி பெரும்பாலும் பொது விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்துவிடும். மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தகுதிக்கான சான்று, ஒன்றிரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை, நோக்கக் கடிதம் இவைதான் பொதுவாகக் கேட்பவை. ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி தரும் சான்றிதழை ஏற்கும் இடங்களும் உண்டு. தேர்வுக்குப் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

நோக்கக் கடிதத்தில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான். "உலகின் மிகப்பெரிய ஜனநாயக நாட்டிலிருந்து வருகிறேன்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வரியை அந்தக் குழு அன்றைக்கே நாற்பது முறை படித்திருக்கும். போன ஆண்டு ஒரு மாணவி எழுதியதன் சாரம் இது: "என் வீடு தமிழ்நாட்டில், என் அத்தை வீடு புதுச்சேரியில். நடந்தே போகலாம். எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால் வார்டு உறுப்பினரிடம் போகிறோம். அத்தை தெருவில் அடைத்தால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டு சாக்கடைகளில் எது சீக்கிரம் சரியாகிறது என்று ஓர் ஆண்டு குறித்துவைத்தேன்." அவளுக்கு இடம் கிடைத்தது, கட்டணத்தில் பாதியும் தள்ளுபடியானது.

பரிந்துரை கேட்கும்போது ஆசிரியருக்கு உங்கள் கேள்வியையும் ஒரு பக்கக் கட்டுரையையும் கொடுங்கள். வெறும் கையோடு போனால், "ஒழுக்கமான மாணவர்" என்று நான்கு வரி வரும். அதை வைத்து ஒன்றும் ஆகாது.

பாஸ்போர்ட், பணம், விசா

பாஸ்போர்ட்டில் நம் ஆட்களுக்கு வரும் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கே. செந்தில்", ஆதாரில் "செந்தில் குமாரசாமி", பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. அங்கே போனால் விடுதிப் பதிவில் ஒரு பெயர், விமானச் சீட்டில் ஒரு பெயர். புதிதாக எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள், மற்ற ஆவணங்களையும் அதற்கேற்ப மாற்றுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலுக்கு இன்னும் 2,000.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். கல்விக் கட்டணம், விமானம், அறை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் நான்கு வாரத்துக்கு 3 லட்சத்துக்குக் குறைவது அரிது. லண்டன் என்றால் 5 லட்சத்தைத் தாண்டிவிடும். 2025 ஏப்ரலிலிருந்து ஓராண்டில் 10 லட்சம் வரை கல்விக்காக வங்கி வழியே அனுப்பினால் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை, அது ஒரு ஆறுதல். உதவித்தொகை கிடைக்காமல், வீட்டில் நகையை வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றால் போகாதீர்கள். இதை நான் சொல்வது சிலருக்குப் பிடிப்பதில்லை. நான்கு வார வகுப்பு அம்மாவின் சங்கிலிக்கு ஈடாகாது. அந்த ஆண்டை முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆய்வு செய்வதில் கழித்துவிட்டு, அந்தக் கட்டுரையை வைத்து அடுத்த ஆண்டு முழு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் எடுத்ததாகவும், திரும்பிய பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுக்கவும் செய்யும். பிரிட்டனுக்கு விசா தனி.

வங்கிக் கணக்கு விஷயத்தில் நான் சூடுபட்டவன். அப்பாவுக்கு முந்திரி வியாபாரம். பருவத்தில்தான் பணம், மற்ற மாதம் கணக்கில் மூவாயிரம் நாலாயிரம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மொத்தமாக இரண்டு லட்சம் போட்டோம். இரண்டு வாரம் கழித்து வந்தது ஓர் அச்சிட்ட தாள். அதில் வரிசையாகக் கட்டங்கள், ஒன்றில் மட்டும் டிக். தங்குவதற்கான பணவசதியை நிரூபிக்கவில்லை என்று பொருள். கட்டணம் திரும்பாது. அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம கொட்டைய வித்த காசுதானேடா?" என்றார். இரண்டாம் முறை மூன்று ஆண்டு விற்பனைச் சீட்டுகள், வருமான வரிக் கணக்கு, பணம் ஏன் பருவத்தில் மட்டும் வருகிறது என்று ஒரு பக்க விளக்கம் எல்லாம் வைத்தேன். கிடைத்தது. விவசாய, வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த விளக்கக் கடிதத்தை முதல் தடவையே வைத்துவிடுங்கள்.

மூட்டை கட்டும்போது நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டுபோக அனுமதியில்லை. புளிக்காய்ச்சல் போகலாம்.

வகுப்பறையில்

முதல் வாரம் திணறும். தினமும் அறுபது எழுபது பக்கம் படிக்கச் சொல்வார்கள், காலையில் விரிவுரை, மதியம் கலந்துரையாடல். ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதில் பெரும்பங்கு வகுப்புக்கு வெளியே படிப்பது. எல்லாவற்றையும் வரி விடாமல் படிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று வரி: ஆசிரியர் என்ன சொல்கிறார், எந்த நாடுகளை வைத்துச் சொல்கிறார், எந்த நாட்டை வைத்தால் அவர் வாதம் உடையும். மூன்றாவது வரிக்கு உங்கள் ஊர் பெரும்பாலும் கை கொடுக்கும்.

பேசியே ஆக வேண்டும். கலந்துரையாடலுக்கு மதிப்பெண் உண்டு. இரண்டாம் வாரம் குலுக்கல் முறையில் மக்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி வகுப்பு. பண்டைய ஏதென்ஸில் அப்படித்தான் பதவிகளை நிரப்பினார்கள். அயர்லாந்தில் 2016-இல் தலைவர் நீங்கலாக 99 குடிமக்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டம் நடத்தினார்கள், அதன் தொடர்ச்சியாகத்தான் 2018-இல் கருக்கலைப்புச் சட்டத்துக்கான பொதுவாக்கெடுப்பு வந்தது. நான் கையைத் தூக்கினேன். உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னேன். பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டு, முப்பது குடும்புகள் (இன்றைய வார்டு போல), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. வகுப்பு அப்படியே கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது நைஜீரியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "யார் பெயரெல்லாம் அந்தக் குடத்துக்குள் போகவே முடியாது?"

கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரம்மதேய ஊரின் சபை. பெண்கள் கிடையாது, உழுதவர்கள் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பெருமையாகச் சொல்லும்போது வாயில் வரவில்லை. பேராசிரியர் என்னைக் காப்பாற்ற, "ஏதென்ஸிலும் அப்படித்தான், பெண்களும் அடிமைகளும் வெளியேதான்" என்றார். அன்று மாலை என் கட்டுரையின் தலைப்பை மாற்றினேன். குலுக்கலை விட்டுவிட்டு, குலுக்கலுக்கு முன்னால் நடக்கும் வடிகட்டலைப் பற்றி எழுதினேன். நம் ஊர்ப் பெருமைகளைக் கொண்டுபோங்கள், தாராளமாக. கூடவே அவற்றின் மறுபக்கத்தையும் நீங்களே எடுத்துவையுங்கள். அடுத்தவர் எடுத்துவைத்தால் முகம் சிவக்கும்.

கட்டுரையில் விழக்கூடிய குழி ஒன்று. வெற்றி பெற்ற நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு பொதுவான அம்சத்தைக் காட்டி, இதுதான் காரணம் என்று முடிப்பது. ரேங்க் வாங்கிய பத்துப் பேரும் காலையில் காபி குடித்தார்கள் என்பதால் காபிதான் ரேங்க் தந்தது என்பது போல. தோற்றவர்கள் என்ன குடித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? உங்கள் பட்டியலில் நீங்கள் தேடும் விளைவு ஏற்படாத நாடு ஒன்றாவது இருக்கட்டும்.

வகுப்புக்கு வெளியே

ஜூனில் பெர்லினில் ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறையும். அந்த மாலைகளை அறையில் கழிக்காதீர்கள். ஊர்மன்றக் கூட்டங்கள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை, பின் வரிசையில் உட்காரலாம். மொழி புரியாவிட்டாலும் யார் எப்போது எழுந்து பேசுகிறார், யாரை யார் குறுக்கிடுகிறார், தலைவர் மணியை எதற்கு அடிக்கிறார் என்பது புரியும். நான் போன கூட்டத்தில் முக்கால் மணி நேரம் ஒரு மரத்தை வெட்டலாமா என்று பேசினார்கள். பக்கத்து இருக்கைக் கிழவர் எனக்காக ஆங்கிலத்தில் முணுமுணுத்தபடியே இருந்தார். கடைசியில் மரம் தப்பியது, சைக்கிள் பாதை வளைந்தது.

கட்சி அலுவலகங்களுக்குப் போய், உறுப்பினராக மாதம் எவ்வளவு சந்தா, எத்தனை பேர் உண்மையில் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்வார்கள். உடன் படிப்பவர்களிடம் அவரவர் ஊரில் ஓட்டுப் போடும் நாளை விவரிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையா, வியாழனா, பள்ளிக்கூடத்திலா, விரலில் மை உண்டா. என் விரல் மை கதையைக் கேட்டுவிட்டு ஒரு டச்சுக்காரன் படம் காட்டச் சொன்னான், போன தேர்தல் செல்ஃபி இருந்தது, நல்லவேளை.

திரும்பி வந்ததும்

கிரெடிட்டை உங்கள் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். போகும் முன்பே பாடத்திட்டத்தைக் காட்டி எழுத்தில் வாங்கியிருந்தால் வேலை எளிது. திரும்பிய பிறகு கேட்டால் ஒவ்வொரு மேசையாக அலைய வேண்டும். மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையிலோ, நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள். பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், திருத்திய கட்டுரை மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், கொண்டுபோன கேள்வியை ஊரில் மறுபடி ஒருமுறை கேளுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபை வசமாக வரும். நான் திரும்பிய ஆண்டு அதே பண்ருட்டிப் பக்கத்து ஊருக்குப் போனேன். அந்த அம்மா வந்திருந்தார். குழாய் வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்துச்சு. மூணு நாளைக்கு ஒருக்கா" என்றவர், கையெழுத்து நோட்டு தன் வரிசைக்கு வரும் வரை பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.